ரேஷன் கடைக்கு ஒரு நகல் கொடுங்கப்பா

சனிக்கிழமை காலையில் அம்மா போன். "ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வாரேன்ல. ரேகை வச்சா சுத்திக்கிட்டே இருக்கு. சர்வர் இல்லையாம்."

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். அரிசி மூட்டை கடைக்குள்ளேயே இருக்கிறது. எடை போடுகிறவருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். ஆனாலும் எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் "சரி" என்று சொல்லாமல் அரிசி கிடையாது.

பெங்களூரில் டேட்டாபேஸ் வேலை பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. திங்கட்கிழமை சாப்பிடும்போது நண்பனிடம் புலம்பினேன். "கடைக்குக் கடை காப்பி வெச்சா யாரு கட்டி மேய்க்கிறது? எல்லாத்தையும் ஒரே இடத்துல வை. இப்பத்தான் ஊரெல்லாம் 4ஜி இருக்கே" என்றான். ஒரு லைன் அறுந்தால் இன்னொன்று என்று இரண்டு ஃபைபர் இழுத்திருக்கும் ஒயிட்ஃபீல்டு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஜல்லியடிப்பது சுலபம்.

இதே ஊரிலிருந்துதான் 'பூமி' திட்டம் வந்தது. ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதி வைத்திருந்த பஹணிகளை (நம்ம ஊர் அடங்கல் மாதிரி) கர்நாடக அரசு கம்ப்யூட்டரில் ஏற்றியது. சுமார் 2 கோடிப் பதிவுகள். 2000களின் தொடக்கத்தில் தாலுகா ஆபீஸில் 15 ரூபாய்க்குப் பிரிண்ட் கிடைத்தது. டேட்டாபேஸ் தாலுகாவிலேயே இருந்தது. அங்கு நடக்கும் மாற்றங்கள் நகலாக பெங்களூருக்குப் போயின. கோலார் நிலத்தின் பட்டாவை ஹாசன் தாலுகா மாற்றப் போவதில்லை. ஒரு நிலத்துக்கு எழுதுகிற கை ஒன்றுதான், ஆகவே இரண்டு பிரதிகள் மோதுமோ என்ற பயமும் இல்லை. லைன் போனாலும் தாலுகா வேலை நிற்க வேண்டியதில்லை, லைன் வந்ததும் பெங்களூருக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

பூமி ஒன்றும் புனிதப் பசு இல்லை. பதிவேடு கிராமத்தை விட்டு தாலுகாவுக்குப் போனது பெரிய அளவில் நிலம் வாங்குகிறவர்களுக்கே வசதியானது என்று 2007ல் சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் சாடினார்கள். என் கட்சிக்கு அதுவும் சாட்சிதான். பதிவேடு தாலுகா வரை போனதற்கே அந்தச் சண்டை!

ரேஷனுக்கு வருவோம். 2017ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது கார்டை ஸ்கேன் பண்ணினால் போதும். 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' என்று கைரேகை வந்தது. வெளியூர்க் கார்டுக்கு மையத்தைக் கேட்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். மாதாமாதம் அதே கடையில் வாங்குகிற என் அம்மாவுக்கு எதற்கு? கார்டு எண், எத்தனை பேர், இந்த மாதம் எவ்வளவு, வாங்கியாச்சா இல்லையா. ஆயிரம் கார்டுக்கும் சேர்த்து இந்தத் தகவல், செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவுகூட வராது. கைரேகையைக் கடையில் வைக்கவே வேண்டாம். லைன் இல்லாத நாளில் கார்டை ஸ்கேன் பண்ணி அரிசியைக் கொடு, ராத்திரி மையத்துக்கு அனுப்பு.

"ஒரே கார்டுல ரெண்டு கடையில வாங்கிட்டா?" என்றான் நண்பன். வாங்கட்டுமே. போனால் ஒரு மாத அரிசி. ராத்திரி கணக்கு சேரும்போது தெரிந்துவிடும், அடுத்த மாதம் கழித்துக்கொள். கிரெடிட் கார்டுக்கு இந்தச் சலுகை இருக்கிறதே! வங்கியின் கம்ப்யூட்டர் பதில் சொல்லாவிட்டால், ஒரு வரம்பு வரைக்கும் கார்டு நெட்வொர்க்கே 'சரி' சொல்லிவிடும். 'ஸ்டாண்ட்-இன்' என்று அதற்குப் பெயர். மாலில் சட்டை வாங்குகிறவனை நம்பலாம், இருபது கிலோ அரிசிக்கு நிற்கிற கிழவியை நம்பக்கூடாதா?

கைரேகை விழாவிட்டாலும், நெட் இல்லாவிட்டாலும் ரேஷனை மறுக்காதே என்று 2017 அக்டோபரில் ஆதார் ஆணையமே சுற்றறிக்கை விட்டது. விதி இருக்கிறது. மெஷினில் அதற்கு பட்டன் இருக்கிறதா, இருந்தாலும் அமுக்கக் கடைக்காரருக்குத் தைரியம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"லெகசி டிசைன் மச்சி" என்று சொல்லிவிட்டு நண்பன் கை கழுவப் போய்விட்டான். அம்மா புதன்கிழமை திரும்பவும் கடைக்குப் போகிறாள்.