சிவாஜியின் 'அன்னை இல்லம்' ஏலத்திலிருந்து தப்பியது எப்படி? தாத்தா சொத்தில் பேரனுக்குப் பங்கு உண்டா?

சென்னை தி.நகரில் தெற்கு போக் ரோடு என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஒரே ஒரு வீடுதான். சிவாஜி கணேசன் வாழ்ந்த 'அன்னை இல்லம்'. அந்தச் சாலைக்கே இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்றுதான் பெயர். 2025-ல் இந்த வீட்டை ஜப்தி செய்ய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் ரசிகர்கள் அதிர்ந்து போனார்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அந்த உத்தரவு ரத்தானது. இடையில் நடந்தது என்ன?

கடன் யாருடையது?

சிவாஜியின் மூத்த மகன் ராம்குமார். அவருடைய மகன் துஷ்யந்தின் ஈசன் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம், 'ஜகஜால கில்லாடி' படத்துக்காக ஒரு நிதி நிறுவனத்திடம் சுமார் ரூ.3.74 கோடி கடன் வாங்கியது. ஆண்டுக்கு 30% வட்டி. பணம் திரும்பவில்லை. விவகாரம் மத்தியஸ்தரிடம் போனது.

படத்தின் உரிமைகளை நிதி நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், அதை விற்று ரூ.9 கோடிக்கும் மேலான தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்று மத்தியஸ்தர் 2024-ல் உத்தரவிட்டார். அதுவும் நடக்காததால், அன்னை இல்லத்தை ஜப்தி செய்து பொது ஏலம் விட வேண்டும் என்று நிதி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதி அப்துல் குத்தூஸ் ஜப்தி உத்தரவு பிறப்பித்தார்.

பிரபு சொன்னது என்ன?

சிவாஜியின் இளைய மகனான நடிகர் பிரபு உடனே நீதிமன்றம் வந்தார். 'இந்த வீட்டை அப்பா எனக்கு உயில் எழுதி வைத்தார். முழு உரிமையாளர் நான்தான். அண்ணன் குடும்பத்தின் கடனுக்கு என் வீட்டை எப்படி ஜப்தி செய்யலாம்?' இதுதான் அவரது வாதத்தின் சாரம்.

வீட்டில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ராம்குமாரும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். ஏப்ரல் 21 அன்று, வீட்டின் உரிமையாளர் பிரபுதான் என்று கூறி ஜப்தி உத்தரவை நீதிபதி ரத்து செய்தார். வீடு தப்பியது. ஆனால் கடன் தள்ளுபடி ஆகிவிடவில்லை. கடன் வாங்கியவர்கள் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

தாத்தா வீடுதானே, பேரனுக்குப் பங்கு இருக்காதா?

பல வீடுகளில் எழும் கேள்வி இது. பூர்வீகச் சொத்து வேறு, சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு. ஒருவர் தன் உழைப்பில் வாங்கிய வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

உயில் இல்லாமல் இறந்தால் கதை மாறும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்போதும், மகன் உயிரோடு இருக்கும்போது அவருடைய பிள்ளைக்குத் தனியாகப் பங்கு வராது.

வேதா நிலையம் நினைவிருக்கிறதா?

போயஸ் கார்டனில் ஜெயலலிதா வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்க 2020-ல் அரசே கையகப்படுத்தியது. 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீடு வாரிசுகளான தீபா, தீபக் வசம் போனது. ரசிகர்களுக்கும் தொண்டர்களுக்கும் அது கோயிலாக இருக்கலாம். நீதிமன்றம் பார்ப்பது உரிமை யாருக்கு, சட்ட நடைமுறை சரியா என்பதைத்தான்.

பழைய வீடு வாங்குறீங்களா? இதைக் கவனிங்க

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய வீடு வாங்குபவர்களுக்கு இந்த வழக்கில் பாடம் இருக்கிறது.

• வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அடமானம், விற்பனை போன்ற பதிவான பத்திரங்கள் அதில் தெரியும். உயில் பொதுவாக அதில் வராது. பதிவு செய்யாத உயிலும் சட்டப்படி செல்லும்.

• உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று கேளுங்கள். உயில் இருந்தால் அதன் உண்மைத்தன்மையை வக்கீலிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

• மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்து போடுகிறார்களா என்று பாருங்கள். 'அவங்க வெளிநாட்டுல இருக்காங்க, பரவாயில்ல' என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

• மூலப் பத்திரங்களின் அசலைப் பாருங்கள். நகல் மட்டும் காட்டினால், அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம்.

• விற்பவர் குடும்பத்தில் யார் மீதாவது கடன் வழக்கு, பாகப்பிரிவினை வழக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அன்னை இல்லத்துக்கு உயில் இருந்தது, வாதாட வக்கீல்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஏழு வாரம் ஜப்தி உத்தரவின் கீழ்தான் இருந்தது. உயிலே எழுதாமல் 'பிள்ளைங்க பாத்துக்குவாங்க' என்று விட்டுப்போன வீடுகளில், இதே சண்டை முடிய பல வருஷம் ஆகலாம்.