பிரெயில் படிக்கும் விரலிடம் எப்படிப் பேசுவது?

நாவலூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு முட்டுக்காடு என்றாலே படகு சவாரிதான் ஞாபகம் வரும். பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம், என்.ஐ.இ.பி.எம்.டி., இருப்பதும் அங்கேதான். காது, கண் இரண்டும் பாதிக்கப்பட்டவர்களும் அதன் பொறுப்பில் வருகிறார்கள்.

இரண்டும் முழுசா போயிருக்குமா?

அவசியமில்லை. பலருக்குக் கொஞ்சம் பார்வையோ கேட்கும் திறனோ மிச்சம் இருக்கும். 'அஷர் சிண்ட்ரோம்' என்ற மரபணுப் பாதிப்பின் ஒரு வகையில் பிறவியிலேயே காது கேட்காது. பார்வை வளர வளரக் குறையும். சைகை மொழியிலேயே வளர்ந்த ஒருவர், பெரியவரான பிறகு பிரெயிலுக்கு வர வேண்டியிருக்கும்.

கற்பிப்பதில் என்ன சிக்கல்?

காது கேட்பவரிடம், "1-வது புள்ளி மட்டும் இருந்தா அது அ" என்று வாயால் சொல்லிவிடலாம். விரல் தாளிலேயே இருக்கும். இவர்களுக்கோ படிப்பதும் கையால், கேட்பதும் கையால். பேசுவதற்காகக் கையைப் பிடித்தால் படிப்பு நின்றுபோகும்.

அப்போ என்னதான் வழி?

சின்னச் சின்னக் குறிப்புகளைத் தோளுக்கோ முழங்கைக்கோ மாற்றலாம். ஒரு தட்டு 'சரி', லேசாகத் தேய்த்தால் 'திரும்பப் படிங்க' என்று முதல் வகுப்பிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். நீண்ட விளக்கத்துக்குத் தொடு சைகை, அல்லது உள்ளங்கையில் எழுத்து.

விரலைப் பிடித்து இழுக்கவே கூடாது. பயிற்றுநரின் கை கீழே, கற்பவரின் கை மேலே. பிடிக்கலைன்னா அவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

ஜப்பானின் சடோஷி ஃபுகுஷிமாவுக்கு 9 வயதில் பார்வை போனது, 18 வயதில் கேட்கும் திறனும் போனது. அவர் விரல்களையே பிரெயில் தட்டச்சுச் சாவிகளாக வைத்து அவரது அம்மா தட்டிப் பேசினார். அதுதான் 'விரல் பிரெயில்'. பின்னாளில் அவர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

நாம் கேட்க வேண்டியது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்தக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பெயர் இருந்தால் மட்டும் போதாது. பிரெயில் பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் தொடு தொடர்பில் பயிற்சி வேண்டும். பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்கும் ஒருவருக்கு ஒருவர் என வகுப்பு வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் பேச ஆள் இல்லாமல் புத்தகத்தை மட்டும் கொடுத்தால், அவருக்கு அது வெறும் புள்ளி வைத்த தாள்.