முகத்தில் மங்கு, சுருக்கம்: க்ரீம் வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. 69 வயது அமெரிக்கர். 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். முகத்தின் வலப்பாதி வயதுக்கேற்றபடி இருக்கிறது. இடப்பாதியில் மட்டும் தோல் தடித்து, ஆழமாகச் சுருங்கிக் கிடக்கிறது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி கதிரைத் தடுத்துவிடும். ஆழம் வரை போய்க் கொலாஜனைக் குலைக்கும் யுவிஏ கதிரைப் பெருமளவு விட்டுவிடும்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், கண்ணாடியும் பாதி நேரம் இறங்கியேதான் இருக்கும். ஓட்டுநர்கள் மட்டுமா? மரவள்ளிக் காட்டில் களை எடுப்பவர்கள், சேகோ ஆலைக் களத்தில் மாவு காய வைப்பவர்கள் எல்லோருக்கும் இதே வெயில்தான். ஆனால், ‘ஆன்ட்டி ஏஜிங்’ விளம்பரங்களில் இவர்கள் யாரையும் பார்க்க முடியாது.

நம் தோலில் மெலனின் அதிகம் என்பதால் சுருக்கம் கொஞ்சம் தாமதமாக வரும். மங்கும் கருந்திட்டும் முந்திக்கொள்ளும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். மெடிக்கலில் போய் “மங்குக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டால், பல நேரம் கைக்கு வருவது ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த ட்யூப். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும்; அந்தச் சந்தோஷத்தில் மாதக்கணக்கில் தொடர்வார்கள். பிறகு தோல் மெலிந்து ரத்தநாளம் தெரியும், பரு வெடிக்கும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு. 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. அட்டையில் சிவப்புக் கோடும் ‘ஆர்எக்ஸ்’ குறியும் இருந்தால் அது அழகு க்ரீம் அல்ல, மருந்து. சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரையும், கண்டுகொள்ளாத அதிகாரிகளையும் விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

தயாரிப்பாளர் முகவரியே இல்லாத ‘இம்போர்ட்டட்’ வெள்ளையாக்கும் க்ரீம்கள் இன்னும் மோசம். பாதரசம் கலந்த இத்தகைய க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தெரியவந்தது.

அப்போ எதைத்தான் வாங்குவது?

முதலில் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 900 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நாலரை ஆண்டுகள் தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. எஸ்பிஎஃப் எண் யுவிபிக்கு மட்டுமே. 30 இருந்தால் போதும்; 50-க்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்தான். யுவிஏ தடுப்புக்கு ‘பிஏ+++’ அல்லது ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று போட்டிருக்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, லேசான நிறமுள்ள வகை நல்லது.

முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். இரண்டு வேளை பூசினாலே 50 கிராம் ட்யூப் மூன்று வாரத்தில் காலி. தினக்கூலிக்கு இது கட்டுபடியாகாது என்பதே நிஜம். அவர்களுக்கு முழுக்கைச் சட்டையும், தலையோடு முகத்தை மூடிக் கட்டும் துண்டும்தான் முதல் பாதுகாப்பு. பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு களையெடுக்கும் பெண்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

மிச்சம் காசு இருந்தால் இரவில் பட்டாணி அளவு ரெட்டினால். கர்ப்பிணிகள் தொடக் கூடாது. கொலாஜன் க்ரீமுக்குச் செலவு செய்ய வேண்டாம். அந்த மூலக்கூறு தோலுக்குள் போகாத அளவுக்குப் பெரிசு, ஈரப்பதம்தான் மிஞ்சும். அந்த வேலையைக் கிளிசரின் கலந்த சாதாரண மாய்ஸ்சரைசரே செய்யும்.

ஆறாத புண், ரத்தம் கசியும் திட்டு, வடிவம் மாறும் மச்சம் இருந்தால் க்ரீம் எதையும் தேடாதீர்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு நேராகப் போங்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தால், அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.