களையென்று எறியும் தக்காளி

மழை விழுந்ததும் மக்காச்சோளக் கொல்லையிலும் மரவள்ளிக் காட்டிலும் தானாக முளைப்பது சொடக்குத் தக்காளி. காகிதக் கூடு போன்ற உறைக்குள் சிறு காய் இருக்கும். கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் இதைக் களையாகப் பிடுங்குவோர் பலர். விதைத்து வளர்ப்போர் அரிது.

இதற்கு நெருங்கிய உறவான ஒரு செடியை மெக்சிகோ விவசாயிகள் மக்காச்சோளத்துக்கிடையே விட்டு வைத்தார்கள். பெரிய காய்களாகப் பொறுக்கி விதை சேர்த்தார்கள். களை பயிராயிற்று. அதுதான் 'தொமாத்தியோ'. அதன் பச்சைக் காயை வேகவைத்து அரைக்கும் துவையல் அந்நாட்டின் அன்றாட உணவு. இன்று குளிர் நாடுகளிலும் கோடையில் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கிறார்கள்.

மலைக் குளுமையைக் கண்டு அந்த விதைக்கு ஆசைப்படுவோர் இரண்டு விஷயங்களை எண்ண வேண்டும். அது தன் மகரந்தத்தில் காய்க்காது. ஒற்றைச் செடி வைத்தால் பூ உதிரும், குறைந்தது இரண்டு வேண்டும். காயோ நம் வாரச் சந்தைக்குப் பழக்கமில்லாதது. வாங்குபவரை உறுதி செய்யாமல் சிறு விவசாயி அதில் பணம் போடுவது சரியல்ல.

காசில்லாமல் கிடைக்கும் சொடக்குத் தக்காளியை முதலில் வளர்ப்பதே நலம். நன்கு பழுத்து உதிர்ந்த பெரிய பழங்களைப் பிசைந்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தலாம். நாற்று விட்டு, தொழு உரமிட்ட வீட்டுக் கொல்லையில் 2 அடி இடைவெளியில் நான்கைந்து செடி நட்டால் போதும். ஆண்டுதோறும் சிறந்த செடியிலேயே விதை எடுக்க வேண்டும்.

களை பயிரைக் கெடுக்காதா என்ற கேள்வி நியாயமானதே. சோளத்தின் இளம் பருவத்தில் வரிசைக்குள் களையை விடக்கூடாது. தக்காளி, கத்தரிப் பாத்திக்கருகிலும் இது வேண்டாம். ஒரே குடும்பமாதலால் பூச்சியும் நோயும் தாவும். உறை காய்ந்து, பழம் மஞ்சளான பின்பே உண்ண வேண்டும். பச்சைக் காயும் இலையும் ஆகாது. களைக்கொல்லி தெளித்த நிலத்துப் பழத்தைத் தொடவே வேண்டாம்.

களைக்கொல்லி ஆளைக் குறைக்கிறது. கூடவே பிள்ளைகள் பறித்துத் தின்ற பழத்தையும் அழிக்கிறது. வயலில் அதற்கு இடமில்லையெனில் வீட்டுக் கொல்லையிலாவது ஓரிடம் தர வேண்டும்.