பழைய ரிசீவரைத் தள்ளுவானேன்?

கொடுங்கையூரில் பத்தடி அகல அறையிலும் ஹோம் தியேட்டர் வைத்து மகிழ்வார் உளர். அவர்க்கு இந்நாளில் ஒரு மனக்குறை: தொலைக்காட்சி 4கே ஆயிற்று, பழைய ரிசீவரோ அப்படத்தைக் கடத்தமாட்டாது. ஆகவே புதியதொன்று வாங்கச் சிறு சேமிப்பைக் கரைக்கத் துணிகின்றனர். இது வேண்டாத செலவென்பது நம் துணிபு.

படம் ரிசீவர் வழியேதான் செல்லவேண்டுமென்னும் விதி ஏதுமில்லை. கருவிகளை நேரே தொலைக்காட்சியிற் பூட்டி, ஒலியை மட்டும் ஆப்டிகல் கேபிளால் ரிசீவருக்குக் கொணரலாம். டால்பி டிஜிட்டல் 5.1 ஒலி அதிற் செல்லும். சில தொலைக்காட்சிகள் வெளிக்கருவியின் ஒலியை இரு தடமாகக் குறைத்துவிடும். அதனை முன்னரே சோதித்தறிக. 2009இல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறையைத் தழுவிய ரிசீவராயின் ஏ.ஆர்.சி. வசதி இருத்தலுங் கூடும். அப்போது தனிக் கேபிளும் மிச்சம். அட்மாஸ் கிட்டாதே யெனின், மெய்தான். ஆயினும் வாடகை வீட்டுக் கூரையில் ஸ்பீக்கர் பதிக்க எவர் இசைவார்?

வாட் எண்ணைக் கண்டு மயங்குவாரும் உளர். ஐம்பது வாட் நூறாயினும் கூடுவது 3 டெசிபலே. செவிக்கு அது சிறு வேற்றுமை. அப்பணத்தை நடு ஸ்பீக்கருக்குச் செலவிட்டு, அதனைச் செவியின் உயரத்தையொட்டி வைப்பின், வசனம் தெளியும். ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போதும்.

மேலும், தள்ளிய பெட்டி எங்கே போகும்? நகரக் குப்பை பல்லாண்டாய்க் குவிந்த மேடு நம் ஊரிலேயே உளது. செம்புக்காக அதன் கம்பிகளை எவரேனும் கொளுத்தின், அப்புகை புகுவது நம் சாளரத்திலன்றோ?