ஒரு விளக்கு போதும், பால்கோவா முகம் வேண்டாம்

வரன் பார்க்க ஆரம்பித்த வீடுகளில் அடிக்கடி நடக்கிற காட்சி இது. பெண்ணை தெருமுனை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போவார்கள். ஸ்டூலில் உட்கார வைத்து "தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா" என்பார் போட்டோகிராபர். இரண்டு பக்கமும் இரண்டு குடை. பளீர், பளீர். மறுநாள் கவரைப் பிரித்தால் உள்ளே இருப்பது அந்தப் பெண்ணின் பால்கோவா பதிப்பு! மாநிறம் போன இடம் தெரியாது. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அனுமானம்தான். அம்மாவுக்கு மட்டும் மகா சந்தோஷம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்கள், "போட்டோவுல நல்ல கலரா இருந்தாங்களே..." என்று காபி டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

இதை இங்கே சொல்லக் காரணம், வீட்டிலேயே ஸ்ட்ரோப் லைட் வாங்கி போர்ட்ரெய்ட் எடுக்கக் கிளம்பும் காலேஜ் பசங்களும் கடைசியில் அதே தெருமுனை ஸ்டுடியோவைத்தான் ஹாலுக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள். முதல் வேலையாக மூன்று விளக்கு கிட் ஒன்று. இரண்டை முகத்துக்கு இரு பக்கமும் சமமாக அடித்து, மூன்றாவதைப் பின்சுவருக்கு விட்டால் நிழலே இருக்காது. நிழல் இல்லாத முகம் பாஸ்போர்ட் ஆபீசுக்கு சரி. போர்ட்ரெய்ட்டுக்கு நிழல்தான் முதல்! (காமர்ஸ் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. மாதம் எத்தனை நாள் அந்த மூன்றாவது விளக்கு எரியப் போகிறது? மீதி நாளெல்லாம் பரண் மேல் தேய்மானம்தான்.)

ஒரு ஸ்ட்ரோப், அதற்கு ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் அல்லது வெள்ளைக் குடை, ஸ்டேஷனரி கடையில் ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு கறுப்புத் துணி. ஆரம்பத்துக்கு இது போதும்.

நம் வீட்டு அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் பெரிய விஷயம். சுவருக்கு இளம்பச்சை, ரோஸ் என்று டிஸ்டெம்பர் வேறு. விளக்கிலிருந்து சிதறுகிற வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது அதன் நிறத்தையும் கையோடு கொண்டுவரும். முகத்தின் நிழல் பக்கம் பச்சையாக வந்தால் "கேமரா சரியில்லை" என்று திட்டுவதில் பயனில்லை. அந்தப் பக்கச் சுவரில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. நிழல் இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் அதே இடத்தில் கறுப்புத் துணி.

அடுத்தது தூரம். வெளிச்சம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று பள்ளிக்கூட பிசிக்ஸில் படித்து மறந்திருப்போம். விளக்கு முகத்துக்கு 3 அடியில், முகத்துக்குப் பின்னால் இன்னும் 3 அடியில் சுவர் என்றால், முகத்துக்குக் கிடைப்பதில் கால்வாசி வெளிச்சம்தான் சுவருக்குப் போகும். வெள்ளைச் சுவரே சாம்பல் நிறத்துக்கு இறங்கிவிடும். அதே விளக்கை 6 அடிக்குத் தள்ளினால் சுவருக்கு பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போகும், சுவர் வெளுக்கும். தனியாக பேக்கிரவுண்ட் பேப்பர் வாங்காமலேயே ஒரே சுவரில் இரண்டு நிறம். ஸ்டாண்டை நகர்த்த ஆகும் செலவு பூஜ்யம்.

கேமராவை மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 8. முதலில் ஸ்ட்ரோப்பை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். வந்தால் டியூப் லைட்டும் ஜன்னலும் உங்கள் வழிக்கு வராது என்று அர்த்தம். அதன் பிறகு ஸ்ட்ரோப்பைப் போட்டு, அதன் பவரைக் கூட்டிக் குறைத்து முகத்துக்கு சரிசெய்வது. ஷட்டரை மட்டும் 1/200க்கு மேல் ஏற்றினால் நிறைய கேமராக்களில் படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். பயப்பட வேண்டாம், ரிப்பேர் இல்லை.

இப்போது நிறம். கறுப்புத் தோலுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்பது ஸ்டுடியோக்காரர்களின் வேதவாக்கு. வேண்டியது நிறைய வெளிச்சம் இல்லை, பெரிய வெளிச்சம். கேமரா மேல் இருக்கும் குட்டி ஃபிளாஷை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய்ப் பொட்டு மாதிரி பளபளக்கும், மீதி முகம் அமுங்கிப் போகும். அதே வெளிச்சம் மூன்றடி அகல சாஃப்ட்பாக்ஸ் வழியாகப் பக்கத்திலிருந்து வந்தால் அந்தப் பளபளப்பு கன்னம் முழுக்க மெல்லப் பரவும். கறுப்புத் தோலின் அழகே அந்த மினுமினுப்புதான். எதிர்ப்பக்கம் தெர்மாகோலை வைத்தால் தலைமுடி இருட்டோடு கலந்துவிடாமல் ஓரம் தெரியும். தேவைப்பட்டால் பவரை அரை ஸ்டாப் கூட்டலாம், தப்பில்லை. நாலு ஸ்டாப் கூட்டுவதுதான் தப்பு.

இது ஏதோ வெளிநாட்டு வித்தையும் இல்லை. 1956ல் வந்த சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வருகிற வெளிச்சத்தில் படமெடுத்தார். நம் பக்கம் பாலு மகேந்திரா, ஷோபாவையும் அர்ச்சனாவையும் அவர்கள் நிறத்திலேயே காட்டினார். யாராவது அழகில்லை என்றார்களா?

கேமராவின் ஆட்டோமேட்டிக் புத்தி ஒரு தனி ரகம். எதைப் பார்த்தாலும் அதைச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாமா வந்து நின்றால், 'ஐயோ, எவ்வளவு வெளிச்சம்' என்று ஃபிளாஷைக் குறைத்துவிடும். மாமாவின் முகம் கரியாகிவிடும். கறுப்பு முகம் ஃபிரேம் முழுக்க இருந்தாலோ நேர் எதிர், வெளுத்துவிடும். இரண்டுமே பொய். கலர் பிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அளவுகோலாக அனுப்பப்பட்ட கோடக் 'ஷெர்லி கார்டு'களில் இருந்ததும் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். மற்ற நிறக்காரர்களும் இருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது. அளவுகோலே அப்படி இருந்தால் மாமா என்ன செய்வார்?

மேனுவல் ஸ்ட்ரோப்பில் இந்த வம்பு இல்லை. கையில் பிடிக்கும் லைட் மீட்டரை முகத்தருகே வைத்து அளந்தால் அது முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும், தோலை அளக்காது. மீட்டர் இல்லாவிட்டால் ஒரு கிரே கார்டு போதும். அளவு சரியாகிவிட்டால் அதே நாற்காலியில் அப்பா, சித்தி, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று யார் உட்கார்ந்தாலும் பொத்தானைத் தொட வேண்டாம். கறுப்பு கறுப்பாகவும் சிவப்பு சிவப்பாகவும் வரும்.

ஒரு விளக்கில் முடியாத வேலைகளும் உண்டு. எட்டுப் பேர் குடும்பப் படம், பளிச்சென்ற வெள்ளைப் பின்னணி, இதற்கெல்லாம் இரண்டாவது விளக்கு வேண்டும்தான். அப்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டின் காலில் ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டாமல் குழந்தைகளை உள்ளே விட வேண்டாம். இன்னொன்று, பழுதான ஸ்ட்ரோப்பை ஸ்க்ரூ டிரைவரோடு நெருங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இத்தனையும் சரியாக அமைந்து படமும் வந்தபின் மிச்சமிருப்பது ஃபோட்டோஷாப்பும் அம்மாவும். "கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுப்பா, வரன் வீட்டுக்கு அனுப்பணும்" என்பார்கள். சண்டை போட வேண்டாம். ஸ்டுடியோ படத்தையும் வீட்டில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, "இதில் எது நீ?" என்று கேளுங்கள். அவள் எதைக் காட்டுகிறாளோ அதை அனுப்புங்கள்.