இங்கேயே எல்லாம் இருக்கிறதாம்!

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க ஒரு திட்டம் உண்டு. அதன் பெயர் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு இனி அந்தப் பணம் கிடையாது என்பதுதான் விதி. அதற்குச் சொன்ன காரணம் இன்னும் அழகு. அந்தப் பாடங்களுக்கு வேண்டிய நூல்களும் ஆவணங்களும் அறிஞர்களும் இங்கேயே போதுமான அளவு இருக்கிறார்களாம்.

'இங்கேயே' என்றால் எங்கே?

நான் இலுப்பூர்க்காரன். ஆய்வு மாணவன். என் மாவட்டத்தின் வரலாற்றைப் பற்றி உலகம் அதிகம் மேற்கோள் காட்டும் ஆங்கில நூல்களில் ஒன்று 'தி ஹாலோ கிரவுன்'. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் சாதியும் அரசதிகாரமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று பேசும் நூல். எழுதியவர் நிகோலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். 1987இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. எழுதியதற்காக அவர்மீது எனக்கு வருத்தமில்லை. என் கேள்வி வேறு. சிகாகோவில் உட்கார்ந்து ஓர் அமெரிக்கர் புதுக்கோட்டையை ஆராயலாம். புதுக்கோட்டைச் சேரியில் பிறந்தவர் அதே சிகாகோவுக்குப் போய்ப் புதுக்கோட்டையை ஆராய அரசு பணம் தராது என்றால், இது யாருக்கான சமூகநீதி?

'இங்கேயே' இருக்க வேண்டிய நூல்கள் எப்படி அங்கே போயின என்பதையும் பார்ப்போம். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டப்படி, அச்சாகும் நூல்கள் அரசிடம் பதிவாயின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியானது. அந்தப் பட்டியலிலிருந்து லண்டன் நூலகங்கள் தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. நம் சேரிகளைப் பற்றியும், பண்ணையடிமைகளைப் பற்றியும், பள்ளிக்கூடம் கேட்டு வந்த ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றியும் மிஷனரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் மூட்டை மூட்டையாக அங்கேதான் போயின. லண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்களும் மெதடிஸ்ட் மிஷன் ஆவணங்களும் இன்று லண்டனில் 'சோவாஸ்' என்கிற கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் நூலகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடி மிஷன் ஆவணங்களைப் பார்க்க வேண்டுமா? ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போக வேண்டும்.

அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் பி.எல். 480 சட்டம் 1954இல் வந்தது. அதன்படி அமெரிக்கக் கோதுமையை இந்தியா ரூபாய் கொடுத்து வாங்கியது. அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் வைத்து இந்திய மொழி நூல்களை வாங்கி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கப்பலேற்றியது. தமிழ் நூல்களும் போயின. ரேஷன் வரிசையில் நின்று வாங்கிய கோதுமைக்கு நம் ஊர்ப் புத்தகமும் சேர்ந்துதான் விலையாயிற்று. இன்று ஓர் அரிய தமிழ் நூலைத் தேடினால் சிகாகோவிலோ பெர்க்லியிலோ கிடைப்பதும், நம் மாவட்டத் தலைநகரில் கிடைக்காமல் போவதும் தற்செயல் அல்ல.

இங்கே எஞ்சியவற்றையாவது காப்பாற்றியது யார்? கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்கள், அவர் மறைவுக்குப் பின் 1990களில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால்தான் சென்னையில் ஆய்வு நூலகமாயின. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா, பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி என்ற ஆசிரியத் தம்பதி தங்கள் உழைப்பில் வளர்த்தது. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு எங்கே? கிடைக்கவில்லை. இதையெல்லாம் காக்காத அரசுதான், இங்கேயே எல்லாம் இருக்கிறது என்கிறது.

அயல்நாட்டு வளாகத்தில் ஒரு மாணவருக்கு என்ன கிடைக்கிறது? பட்டம் மட்டுமா? சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கடவுச்சொல் கிடைக்கிறது. அதைக் கொண்டு அறையில் இருந்தபடியே நள்ளிரவிலும் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைத் திறக்கலாம். இல்லாத நூலை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள். தெற்காசியாவுக்கென்றே நூலகர் இருக்கும் இடங்கள் உண்டு. 'இந்தத் தலைப்பில் எங்கே தேடுவது' என்று அவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு கேட்கலாம். கேட்பவரின் சாதி என்ன என்று அவர் யோசிக்கப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வழிகாட்டுதல் வீட்டிலேயே கிடைத்துவிடும். நம் பிள்ளைக்கு நூலகம்தான் அந்தப் படித்த மாமா, படித்த அத்தை எல்லாம்.

'எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, எதற்குப் போக வேண்டும்?' என்பார்கள். இலுப்பூரில் உட்கார்ந்து ஓர் ஆய்விதழின் கட்டுரையைச் சொடுக்கிப் பாருங்கள். சுருக்கம் மட்டும் தெரியும். முழுக் கட்டுரைக்கு நாற்பது டாலர் வரை கேட்கும். மூவாயிரம் ரூபாய்க்கும் மேல். ஊரக வேலைத் திட்டத்தில் ஏறக்குறைய பத்து நாள் கூலி. இருபது பக்கம் படிக்கப் பத்து நாள் மண் வெட்ட வேண்டும்.

இதற்குத்தான் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே என்று அடுத்த பதில் வரும். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். நல்லது. ஆனால் கதவு யாருக்குத் திறந்தது? முதல் கட்டத்தில் ஒன்றிய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறை மாணவிக்கு இல்லை. பட்டம் முடித்து வேலை இல்லாமல் ஊரில் இருக்கிற ஆய்வாளருக்கு இல்லை. ஊர்க் கிளை நூலகத்துக்கும் இல்லை. 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பொதுப் பணத்தில் வாங்கிய ஆய்விதழைப் பொது நூலகத்தில் படிக்க முடியாது என்பது என்ன நியாயம்?

இன்னொரு வாதமும் உண்டு. 'இருப்பதே 125 இடம். அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் கொடுத்தால் பயன்படும்.' இடம் குறைவு என்றால் இடத்தைக் கூட்டுங்கள். தலைப்பை ஏன் வெட்டுகிறீர்கள்? 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இவர்கள்தான் பயனைப் பற்றிப் பேசுகிறார்கள். வசதி படைத்த ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் சொந்தப் பணத்தில் போய் அதே லண்டனில் அதே ஆவணங்களைப் பார்த்துச் சாதியைப் பற்றி எழுதத்தான் போகிறார்கள். அவர்களை இந்த விதி தடுக்காது. ஆக, இந்த விதி சாதி பற்றிய ஆய்வை நிறுத்தவில்லை. சாதியை அனுபவித்தவர் அதை ஆய்வு செய்வதை மட்டும் நிறுத்துகிறது. 'நீ கணினி படி, பொறியியல் படி; உன்னைப் பற்றி நாங்கள் எழுதிக்கொள்கிறோம்' என்பதுதான் இதன் பொருள்.

அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916 மே மாதம் அங்கே ஒரு கருத்தரங்கில் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. ஆய்வேடு பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றியது. லண்டனில் எழுதியது ரூபாயின் சிக்கல் பற்றி. மூன்றுமே இந்தியா. அந்த ஆய்வுகளுக்கு வேண்டிய ஆவணங்களை அவர் தேடிய இடங்களில் ஒன்று லண்டன் இந்தியா அலுவலக நூலகம். ஆள்பவனின் கணக்குப் புத்தகம் ஆள்பவன் வீட்டில்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்றைய விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவருடைய விண்ணப்பம் முதல் மேசையிலேயே திரும்பியிருக்கும்.

விதி வந்த அதே 2022இல், டிசம்பர் மாதம், எங்கள் அன்னவாசல் வட்டாரத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. வேங்கைவயலையும், 2014 முதல் ஈயம் கலந்த தண்ணீரைக் குடிக்க நேர்ந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபிளின்ட் நகரத்தையும் சேர்த்து வைத்து ஆராய இந்த மாவட்டத்துப் பெண் ஒருத்தி மிச்சிகனுக்குப் போக நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் இந்த விதி என்ன சொல்லும்? இந்தியச் சமூகத்தைப் பற்றியதா, இங்கேயே படித்துக்கொள் என்று சொல்லும். உள்ளூர் ஆதிக்கத்தை ஆராய்கிறவளின் வழிகாட்டியும் தேர்வுக்குழுவும் அந்த ஆதிக்கத்துக்குச் சொந்தக்காரர்களாகவே இருந்தால் என்ன எழுத முடியும் என்பது ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். எட்ட நின்று எழுதக் கிடைக்கும் இடமும் ஓர் ஆய்வு வசதிதான்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. அந்த விதி போக வேண்டும். இடங்களும் நிதியும் கூட வேண்டும். ஒரே சந்தாவின் கதவு மாவட்ட நூலகத்திலும் கிளை நூலகத்திலும் திறக்க வேண்டும். லண்டனிலும் ஹாலேயிலும் கிடக்கும் தமிழக ஆவணங்களைப் படியெடுத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைக்கத் தமிழ்நாடு அரசு முன்வர வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்காவில் உலகமே இலவசமாகப் படிக்கிறது. நம்மைப் பற்றிய ஆவணங்களை நாம் இலவசமாகப் படிக்கக் கேட்பது பிச்சை அல்ல.

ஏற்கெனவே அயல்நாட்டு வளாகங்களில் இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடவுச்சொல்லுக்கு ஆயுள் குறைவு. படிப்பு முடிந்ததும் அது செத்துவிடும். உயிரோடு இருக்கும்போதே வேலை வாங்குங்கள். தலித் பதிப்பகங்களின் நூல்களை வாங்கச் சொல்லி உங்கள் நூலகருக்கு எழுதுங்கள். உங்கள் கட்டுரையின் ஏற்கப்பட்ட படியைப் பல்கலைக்கழகத்தின் திறந்த களஞ்சியத்தில் போடுங்கள். ஆவணக் காப்பகம் அனுமதிக்கிற இடத்தில் படமெடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று தமிழில் இரண்டு பக்கக் குறிப்பாவது எழுதுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஈழத்தமிழர்கள் தன்னார்வலர்களாகக் கூடி 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். அரசு செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகமே முடங்கியது. அதன் நூற்பட்டியலைக்கூடப் பல வாரங்கள் இணையத்தில் பார்க்க முடியவில்லை. ஒரே பூட்டுக்குள் இருப்பது ஒரே நாளில் இல்லாமல் போகலாம். பல கைகளில் இருப்பதுதான் தப்பும்.

வேதம் கேட்டால் காதில் ஈயம் என்றது ஒரு காலம். இன்று யாரும் ஈயம் காய்ச்சுவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வரியை அடிக்கும்வரை 'இங்கேயே எல்லாம் இருக்கிறது' என்று யார் சொன்னாலும் கேளுங்கள்: எங்கே, எந்த அலமாரியில், சாவி யாரிடம்?